ஏழாம் வருஷம் யாருக்கு?

ஓய்வுநாளைப் பற்றி எங்களுக்குப் பிரசங்கித்தவர்கள் எல்லாரும் திங்கட்கிழமை ஓய்வெடுக்கிறவர்கள். ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள், அதனால் திங்கள். நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் மே 12, செவிலியர் தினத்தன்று, நைட் டியூட்டி முடித்த கையோடு யூனிஃபார்மில் சிற்றாலயத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லும் செய்தி ஒன்றுதான்: இயேசு ஓய்வுநாளிலும் சுகமாக்கினார், இரக்கத்துக்கு லீவு கிடையாது. முன்வரிசையில் டாக்டர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். மீதிப் பேர் எட்டரை மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தெற்கே ஒரு மிஷன் ஆசுபத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டென்டன்டாக ஓய்வு பெற்றவள் நான். இப்போது அதே ஆசுபத்திரியின் நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினர். செவிலியர்கள் நிலைத்திருக்க என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு எழுதித்தரச் சொன்னார்கள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாதம், முழுச் சம்பளத்தோடு ஓய்வு விடுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். குழுவுக்கு யோசனை பிடித்துத்தான் இருந்தது. பிடித்த காரணம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. “நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வந்தா இன்னும் ஏழு வருஷம் ஓடுவாங்க” என்றார் ஒருவர். அந்த வாக்கியம் என்னை வேதபுத்தகத்துக்குத் திரும்ப அனுப்பியது.

வேலை செய்வதற்காக ஓய்வா, ஓய்வுக்கென்று தனியாக ஓர் உரிமை உண்டா? கேள்வி பழையது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவஞானி பிலோ, ஓய்வுநாளைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்த கிரேக்க ரோமர்களுக்குப் பதில் சொன்னபோது, போட்டி வீரன் இளைப்பாறிப் பலம் சேர்ப்பதுபோல இதுவும் என்று விளக்கினார். 1951இல் ஓய்வுநாளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ரபி ஆபிரகாம் ஜோசுவா ஹெஷலுக்கு இந்த விளக்கம் ஆகவில்லை. இது வேதத்தின் குரலே இல்லை, அரிஸ்டாட்டிலின் குரல் என்றார்; ஆறு நாள்தான் ஏழாம் நாளுக்காக இருக்கிறதே தவிர ஏழாம் நாள் ஆறு நாளுக்காக இல்லை என்பது அவர் கட்சி. (அரிஸ்டாட்டிலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். இளைப்பாறுதல் உழைப்புக்காக என்று சொன்ன அதே புத்தகத்தில், நாம் அலைந்து உழைப்பதெல்லாம் கடைசியில் கிடைக்கும் ஓய்வான வாழ்வுக்காகத்தான் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.) எங்கள் குழுவில் எல்லாரும் பிலோவின் கட்சி. வாசித்திருக்க மாட்டார்கள். வாசிக்காமலே சேரக்கூடிய கட்சி அது.

பல்கலைக்கழகங்களில் ஏழாம் வருஷ விடுப்பு வந்த கதையும் அப்படித்தான். 1880இல் ஹார்வர்டு, சார்லஸ் லான்மன் என்கிற சமஸ்கிருத அறிஞரை ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து இழுப்பதற்காக, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பு என்று ஆசைகாட்டியது. ஆளைப் பிடிக்கவும் பிடித்து வைக்கவும் ஒரு வழி. ஓய்வுநாள் சட்டம் பிறந்த சீனாய் மலைக்கும் அதற்கும் ‘சபாட்டிகல்’ என்கிற பெயரைத் தவிர வேறு சம்பந்தமில்லை.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்து விவசாயி. அறுவடை முடிந்த கோடையில் வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரி வயலில் அடைத்துக் கிடப்பார்கள். அதற்கு நெல்லோ பணமோ கொடுக்க வேண்டும். “சும்மா கெடக்குன்னு யாரு சொன்னா, வேலை நடக்குல்லா” என்பார் அப்பா, வெறும் வயலைக் காட்டி. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த பூவுக்கு உரம். நிர்வாகக் குழு என்னிடம் கேட்டது இந்தக் கிடையைத்தான். நல்ல விவசாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்வது வேறு.

அங்கே ஏழாம் வருஷம் நிலம் ஓய்கிறது. விதைக்கக் கூடாது, திராட்சைக் கிளையைக் கழிக்கக் கூடாது. தானாக விளைந்தது யாருக்கு என்பதற்கு அங்கேயே ஒரு பட்டியல் இருக்கிறது: உனக்கு, உன் வேலைக்காரனுக்கு, வேலைக்காரிக்கு, கூலிக்காரனுக்கு, உன்னிடம் தங்கும் அந்நியனுக்கு, ஆடுமாடுகளுக்கு, காட்டு மிருகங்களுக்கு. யாத்திராகமத்தில் முதலில் ஏழைகள், அவர்கள் விட்டது காட்டு மிருகங்களுக்கு. அடுத்த வருஷம் மகசூல் கூடும் என்று எங்கேயும் இல்லை. மண்ணின் சாரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. நிலத்துக்காரன் ஒரு வருஷம் தன் நிலத்தில் தன் வேலைக்காரியோடு ஒரே வரிசையில் நின்று பறித்துத் தின்ன வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. எந்த ஆசுபத்திரியிலாவது நீண்ட விடுப்புக் கொடுக்கிறார்கள் என்றால் அது யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பேராசிரியர் பதவியில் உள்ள டாக்டருக்குக் கிடைக்கும். வார்டு சிஸ்டருக்குக் கிடைக்காது. அட்டெண்டருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. வேதம் போட்ட வரிசையில் அட்டெண்டர் அம்மாவுக்கும் இடம் இருக்கிறது. என் குறிப்பில் நான் செவிலியர்களை மட்டும்தான் எழுதினேன், கேட்டது அதுதான் என்பதால்.

நிர்வாகம் கேட்கிற கேள்வியும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. விதைக்காவிட்டால் ஏழாம் வருஷம் என்னத்தைத் தின்போம் என்று ஜனங்கள் கேட்பார்களே என்று மோசேயின் சட்டம் தானே எடுத்துச் சொல்கிறது. ஆறாம் வருஷ விளைச்சல் மூன்று வருஷத்துக்குக் காணும் என்று பதிலும் சொல்கிறது. பதிலை நம்புவது அவரவர் விசுவாசம். வார்டை யார் பார்ப்பது என்ற பயத்தை மட்டும் சட்டம் கேலி செய்யவில்லை.

26ஆம் அதிகாரத்தை யாரும் செவிலியர் தினத்தில் வாசிப்பதில்லை. ஓய்வு கொடுக்காவிட்டால் நிலம் தானே எடுத்துக்கொள்ளும் என்கிறது அது. ஜனங்கள் சிறைபட்டுப் போவார்கள், ஊர் பாழாகும், அப்போது நிலம் தனக்கு வரவேண்டிய ஓய்வை முழுவதும் வசூலித்துக்கொள்ளும். பாபிலோன் சிறையிருப்பின் எழுபது வருஷத்தை இரண்டாம் நாளாகமம் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. எனக்கு இது சாபமாகத் தோன்றவில்லை, ஆசுபத்திரி ரிக்கார்டு மாதிரி இருக்கிறது. கொடுக்காத ஓய்வை எடுத்துக்கொண்டவர்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி எல்4-எல்5 டிஸ்க் விலகிப் படுத்தாள். ஒருத்தி தைராய்டு, ஒருத்தி கர்ப்பப்பை. ஒருத்தி எந்த வியாதியும் இல்லாமல், ஒரு திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, காரணம் கேட்டதற்கு “ஒண்ணுமில்ல மேடம், முடியல” என்றாள். இருபத்தெட்டு வயது. ஐ.சி.யூ.வில் அவளைப்போல வென்டிலேட்டர் பார்க்க ஆள் கிடையாது.

விளக்கேந்திய சீமாட்டியின் கதையையும் பாதியில்தான் நிறுத்துகிறார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் 38 பேரோடு ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார். 1856 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே உடம்பு விழுந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் பெரும்பாலும் படுக்கையும் சோபாவும்தான். ராணுவச் சுகாதாரம், இந்தியாவின் சுகாதாரம் என்று அங்கிருந்தே எழுதிக் குவித்தார், 1910 வரை வாழ்ந்தார். வார்டில் நின்று செவிலியராக வேலை பார்க்க மட்டும் திரும்பவே இல்லை. நாங்கள் ஏற்றும் விளக்கு இரண்டு வருஷத்துக்கும் குறைவாக எரிந்த விளக்கு. அதற்குப் பின்னால் நீண்ட படுக்கை இருந்தது. தொப்பி அணிவிக்கும் நாளில் விளக்கேற்றும் மாணவிகளுக்கு நான் இதைச் சொன்னதுண்டு. ஆசிரியைகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

இனி அந்தப் பிரசங்கத்துக்கு வருகிறேன். ஓய்வுநாளில் இயேசு சுகமாக்கினார், ஆகவே நீங்களும். இதற்கு ஆதாரமாக அடிக்கடி எடுக்கும் பகுதி லூக்கா 13. ஜெபஆலயத்தில் ஒரு பெண். பதினெட்டு வருஷமாகக் கூனி, கொஞ்சமும் நிமிர முடியாதவள். இயேசு அவளைக் கூப்பிட்டு விடுவிக்கிறார். நிமிர்ந்து நிற்கிறாள். ஜெபஆலயத் தலைவனுக்குக் கோபம் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அவன் இயேசுவைத் திட்டவில்லை, ஜனங்களைத் திட்டுகிறான்: வேலை செய்ய ஆறு நாள் இருக்கே, அப்ப வந்து சுகமாகுங்க. ஓ.பி. நேரம் முடிந்தபின் வந்தவர்களைக் கவுன்டரில் விரட்டுகிற அதே தொனி. இயேசுவின் பதில் மாட்டைப் பற்றியும் கழுதையைப் பற்றியும். ஓய்வுநாளில் நீங்கள் மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா? அப்படியானால் கட்டுண்டு கிடந்த இவளை அவிழ்க்கக் கூடாதா?

இந்தக் கதையில் செவிலியர் யார்? பிரசங்கிமார் எங்களை இயேசுவின் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். மரியாதைக்கு நன்றி. நான் அந்தக் கூனலைத்தான் பார்க்கிறேன். ட்ராலியிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு, டிரா ஷீட்டின் ஒரு முனையை நீயும் மறுமுனையை ஓர் அட்டெண்டரும் பிடித்துத் தொண்ணூறு கிலோ மனிதரைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், முதுகு எப்படி வளைகிறது என்று. பதினெட்டு வருஷ சர்வீஸுக்குப் பிறகு யூனிஃபார்முக்குள் பெல்ட் கட்டாத சிஸ்டர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த ஜெபஆலயத்தில் அவிழ்க்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். ஓய்வுநாளில் இயேசு செய்தது ஒருத்தியின் கட்டை அவிழ்த்தது. அதை வைத்தே இன்னொருத்தியைக் கட்டிப்போடுவது எந்த வியாக்கியானத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை. பத்துக் கட்டளை உபாகமத்தில் இரண்டாம் தடவை வரும்போது ஓய்வுநாளுக்குக் கொடுக்கும் காரணமும் இதுதான்: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல ஓய வேண்டும். உன்னைப்போல. டாக்டரைப்போல, போதகரைப்போல.

உயிர் போகிற இடத்தில் ஓய்வுநாள் பார்க்க முடியாது என்பதை யூதர்களே எங்களுக்கு முன்னால் ஒத்துக்கொண்டார்கள். உயிரைக் காப்பது ஓய்வுநாளைத் தள்ளிவிடும் என்பது அவர்கள் சட்டம். ஜெருசலேமில் சனிக்கிழமையும் காசுவால்டி நடக்கிறது. ஆசுபத்திரி நிற்க முடியாது, சரி. அதே ஆள்தான் நிற்க வேண்டுமா? தேவாலய வேலையும் ஓய்வுநாளில் நின்றதில்லை. ஆசாரியர்களை 24 வகுப்பாகப் பிரித்துச் சீட்டுப் போட்டதை ஒன்றாம் நாளாகமம் 24இல் பார்க்கலாம். ஒரு வகுப்புக்கு ஒரு வாரம். வருகிறவர்களும் போகிறவர்களும் மாறுவது ஓய்வுநாளில். அசல் ஹேண்டிங் ஓவர்! யோவான் ஸ்நானகனின் அப்பா சகரியா அபியா வகுப்புக்காரர். தேவதூதனைப் பார்த்துப் பேச்சு நின்றுபோன பிறகும் தன் முறை முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்த ரோஸ்டரில் சிக் லீவு இல்லைபோல. ஆனாலும் ரோஸ்டர் இருந்தது, முடிகிற நாள் இருந்தது, முடிந்தால் போவதற்கு ஒரு வீடு இருந்தது. நம் ஊர்க் கோயில்களிலும் அர்ச்சகர்களுக்கு முறை உண்டு. சாமிக்குப் பூஜை நிற்காது, ஆள் மாறும்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, லீவ் ரிசர்வ். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் பயிற்சி ஆசுபத்திரியாக இருந்தால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றதில் ஐந்துக்கு ஒருவர். அதற்கு மேல் லீவில் போகிறவர்களுக்காக 30 சதவீதம் கூடுதல். பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த 30 சதவீதம்தான். அது வெட்டுப்பட்ட பிறகு லீவு கேட்கிற ஒவ்வொருத்தியும் தன் தோழியின் தோளில் ஏறிக்கொண்டுதான் லீவில் போகிறாள். அவள் வராத நாளில் இன்னொருத்தி டபுள் டியூட்டி. தன் ஓய்வு இன்னொருத்தியின் பாரம் என்று தெரிந்தபின் எப்படிக் கேட்பாள்? கேட்பதில்லை. ஈட்டிய விடுப்பை, அதாவது ஈ.எல்.லை, சேர்த்து வைத்து விற்றுவிடுகிறாள். தமிழ்நாட்டு அரசு ஆசுபத்திரிகளில் வருஷத்துக்கு 15 நாள் சரண்டர் செய்து காசாக்கலாம் என்று இருந்தது. 2020இல் கொரோனாவை ஒட்டி அதையும் சில வருஷம் நிறுத்தி வைத்தார்கள். என் ஈ.எல். பெரும்பாலும் என் மகளின் ஹாஸ்டல் ஃபீஸாகப் போனது. வருத்தமில்லை. அவள் படித்தாள்.

ஓய்வை விற்பதும் புதிதல்ல. யூதர்கள் மறுபடி பாலஸ்தீனத்தில் பயிர் செய்யத் தொடங்கியபோது, ஏழாம் வருஷம் நிலத்தைப் போட்டுவைத்தால் குடியேறியவர்கள் பட்டினி. 1909-10 ஓய்வாண்டில், யாப்பாவின் ரபியாக இருந்த ஆபிரகாம் ஐசக் கூக், நிலத்தை அந்த வருஷத்துக்கு யூதரல்லாத ஒருவருக்குக் காகிதத்தில் விற்றுவிட்டுப் பயிர் செய்யலாம் என்பதற்கு இசைந்தார். இன்றைக்கும் அந்த விற்பனை நடக்கிறது. 2021-22 ஓய்வாண்டிலும் நடந்தது. கடுமையான சிலர் அதை ஏற்பதில்லை. நான் கூக்கைக் குறை சொல்ல மாட்டேன். பசி வந்தால் சட்டம் வளையத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வளைவு வேறு மாதிரி. எங்கள் பசிக்கு நாங்கள் விற்பது எங்கள் உடம்பை.

செவிலியருக்கு லீவே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. பிரசவ விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். மத்திய அரசில் பிள்ளை வளர்ப்புக்கு 730 நாள் வரை. இவை போராடி வந்த நல்ல சட்டங்கள். ஆனால் எங்கள் பெண்கள் எதற்கெல்லாம் லீவு எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: பிரசவம், பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ஆசுபத்திரியில் நோயாளி பார்த்ததிலிருந்து வீட்டில் நோயாளி பார்க்க லீவு. “நீ நர்ஸ்தானே, நீயே ஊசி போட்டுரு” என்று சொந்தக்காரர் எல்லாரும் வந்து நிற்பார்கள். யாரையும் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்கென்று ஒரு விடுப்பு எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. நான் கேட்ட மூன்று மாதம் அதற்குத்தான். குழு அதிலும் ஏதாவது நடவேண்டும் என்றது. ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் முடிக்கட்டுமே, ஒரு சின்ன ஆய்வு, வந்ததும் ஓர் அறிக்கை. மூன்றையும் மறுத்தேன். தரிசில் கம்பாவது விதைக்கலாமே என்கிற பேச்சு அது. தூங்கட்டும், வேளாங்கண்ணி போகட்டும், டி.வி. பார்க்கட்டும், ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும்.

மிஷன் ஆசுபத்திரிகளுக்கு இது புரியாமல் இருக்க நியாயமில்லை. என் பெரியம்மா அறுபதுகளில் அப்படியொரு ஆசுபத்திரியில் நர்ஸ். அங்கே இருந்த வெளிநாட்டு மேட்ரன் சில வருஷத்துக்கு ஒருமுறை “ஃபர்லோ”வில் கப்பலேறிவிடுவார். ஃபர்லோ முழு ஓய்வில்லை. ஊர் ஊராகச் சபைகளில் பேசிக் காணிக்கை திரட்ட வேண்டும். ஆனாலும் ஊர், அம்மா, குளிர். திரும்பும்போது முகம் வேறாக இருக்கும் என்பார் பெரியம்மா. வெப்ப நாட்டில் தொடர்ந்து உழைத்தால் வெள்ளைக்கார உடம்பு தாங்காது என்று மிஷன் சங்கங்கள் அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டன. இந்த ஊர் உடம்பு தாங்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். அவர்கள் போய்ப் பல வருஷமாகிவிட்டது. எண்ணம் மட்டும் நம்மவர்களிடம் பத்திரமாக இருக்கிறது.

இனி, பொருளாளர் கேட்டது. ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, நல்ல மனிதர். “அம்மா, மூணு மாசம் சம்பளம் கொடுத்து அனுப்புதோம். அவ அந்த மூணு மாசத்துல ஓ.இ.டி. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிட்டு லண்டனுக்குப் போயிட்டா?” போகலாம். நிறையப் பேர் போவார்கள். இப்போதே ஐ.சி.யூ.வில் இரண்டு வருஷ அனுபவம் சேர்ந்ததும் வளைகுடா, அயர்லாந்து, ஜெர்மன் வகுப்பு என்று கிளம்புகிறார்கள். அவர்களை நிறுத்த நம் நாட்டு ஆசுபத்திரிகள் கண்டுபிடித்த வழி பாண்டு; அசல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைப்பது. 2011-12இல் கேரளத்துத் தனியார் ஆசுபத்திரிச் செவிலியர் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்குக் குறைந்த கூலியோடு இதுவும் ஒரு காரணம். ஓய்வு விடுப்பு கொடுத்துவிட்டு, திரும்பி வந்து மூன்று வருஷம் இருப்பேன் என்று கையெழுத்து வாங்கலாமே என்றார் பொருளாளர். வாங்கினால் அது பீரோவின் இன்னொரு சாவி.

அவருக்கு நான் காட்டியது உபாகமம் 15. ஆறு வருஷம் உழைத்த அடிமையை ஏழாம் வருஷம் விடுதலையாக அனுப்ப வேண்டும். வெறுங்கையாக அனுப்பக் கூடாது. ஆட்டிலும் களத்திலும் ஆலையிலும் எடுத்துத் தாராளமாய்க் கொடுத்தனுப்ப வேண்டும். (யாத்திராகமத்தில், தகப்பன் விற்ற மகளுக்கு ஆண்களைப்போல இந்த விடுதலை இல்லை. உபாகமத்தில் பெண்ணுக்கும் உண்டு. வேதத்துக்கே இதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.) அப்புறம் ஓர் உபவிதி. அவன் போக மாட்டேன், இந்த வீட்டை நேசிக்கிறேன் என்று சொன்னால், கதவோடு வைத்து ஒரு கம்பியால் காதைக் குத்திவிடு, என்றைக்கும் உன்னோடு இருப்பான். போகலாம் என்று கதவைத் திறந்த பிறகுதான் இருக்கிறேன் என்கிற பேச்சே அந்தச் சட்டத்தில் வருகிறது. யோகனான் பென் சக்காய் என்கிற ரபிக்கு அந்தக் காதுகுத்தும் பிடிக்கவில்லை. நீ எனக்கே ஊழியன் என்று ஆண்டவர் சீனாயில் சொன்னதைக் கேட்ட காது, மறுபடி ஒரு முதலாளியைத் தேடிப்போனதே என்று அதற்கு விளக்கம் சொன்னார். ஆசுபத்திரியை நேசித்து அங்கேயே கிடந்துவிட்ட என்னைப் போன்றவர்களை அவர் என்ன சொல்வாரோ.

நெருக்கடியில் கொடுத்ததை நெருக்கடி போனதும் பிடுங்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எரேமியா 34இல் பாபிலோன் படை எருசலேமைச் சுற்றியிருந்தபோது சிதேக்கியா ராஜா அடிமைகளை விடுதலை செய்ய உடன்படிக்கை செய்தான். படை கொஞ்சம் விலகியதும் எஜமான்கள் அவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். 2020 மார்ச் 22 சாயங்காலம் எங்களுக்காகத் தட்டு தட்டினார்கள். தமிழ்நாட்டில் கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31ஓடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் உட்கார்ந்தார்கள் பிள்ளைகள்.

கணக்குப் பெரிதில்லை. ஏழு வருஷம் என்பது 84 மாதம். அதில் மூன்று மாதம் 28இல் ஒரு பங்கு. 280 செவிலியர் உள்ள ஆசுபத்திரியில் எந்த நேரமும் 10 பேர் விடுப்பில் இருப்பார்கள், 10 பேர் கூடுதலாக வேண்டும். சம்பளத்தைப் பெருக்கிக் காட்டினேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதிதாகச் சேர்கிற பிள்ளை ஐ.சி.யூ.வில் தனியாக நிற்க எத்தனை மாதம் ஆகிறது, அதுவரை அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்கும் செலவு என்ன என்று கேட்டேன். அதற்கான தொகை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக எழுதப்படுவதில்லை என்றார். நேர்மையான பதில். நிலைநிறுத்துவதற்காக என்ற தலைப்பைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அது இருந்தால்தான் டிரஸ்டிகள் பணம் தருவார்கள் என்றார். தலைப்பு இருக்கட்டும், பாண்டும் கோர்ஸும் அறிக்கையும் வேண்டாம் என்ற வரியை யாரும் தொடக் கூடாது என்றேன். அடுத்த கூட்டத்தில் நிதிக் குழுவின் கருத்தோடு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.